உடை விற்ற பணத்தில் காடு வாங்கிய தம்பதி

வியாபாரத்தில் சம்பாதித்து நிலம் வாங்கியவர்கள் ஏராளம். வாங்கிய நிலத்தைக் காடாகவே காத்து, அதையும் அரசிடம் ஒப்படைத்த ஒரு தம்பதியைப் பற்றி இங்கு நாம் பார்ப்போம்.

டக்ளஸ் டாம்ப்கின்ஸ் 1943-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. மலையேறுவதில் தீராத ஆர்வம் கொண்ட அவர், 1960களில் முதல் மனைவி சூசியுடன் சேர்ந்து கலிபோர்னியாவில் 'தி நார்த் ஃபேஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அதை விற்றுவிட்டார். அடுத்து இருவரும் வளர்த்த 'எஸ்பிரிட்' ஆடை நிறுவனம் உலகெங்கும் கிளை பரப்பியது. அவர்களுக்கு இரண்டு மகள்கள்.

மக்களுக்குத் தேவையில்லாத பொருட்களைத் தயாரித்து விற்கிறோமே என்ற உறுத்தல் டக்ளஸுக்கு வந்தது. மணவாழ்வும் முறிந்தது. எஸ்பிரிட்டில் தமக்கிருந்த பங்கை விற்றுவிட்டு, சிலி நாட்டின் தென்பகுதிக்குச் சென்றார். 1991-ல் அங்கு ரெஞ்ஞிவே என்ற பண்ணையை வாங்கினார். சாலை வசதி இல்லாத அந்த இடத்துக்குப் படகிலோ சிறு விமானத்திலோதான் போக முடியும்.

கிறிஸ்டின் மெக்டிவிட் 1950-ல் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே, மலையேற்றக் கருவிகள் செய்த இவோன் ஷுனார்டிடம் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். ஷுனார்ட் தொடங்கிய 'படகோனியா' ஆடை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் உயர்ந்தார். 1993-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, டக்ளஸை மணந்து சிலியில் குடியேறினார்.

இருவரின் வழிமுறை எளிமையானது. தனியாரிடமிருந்து நிலத்தை வாங்குவார்கள். கால்நடைகளை வெளியேற்றி வேலிகளை அகற்றுவார்கள். நடைபாதைகளும் முகாம்களும் அமைப்பார்கள். பிறகு, தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அரசிடம் கொடுப்பார்கள். 2004-ல் வாங்கிய சக்கபூக்கோ பள்ளத்தாக்கு, ஆடுகள் மேய்ந்து தேய்ந்துபோன பண்ணை நிலம். வேலிகள் போனதும் குவானாக்கோ மந்தைகள் திரும்பி வந்தன. அர்ஜென்டினாவின் இபேரா சதுப்பு நிலத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஜாகுவார்கள் 2021-ல் மீண்டும் விடப்பட்டன.

ஆனால் உள்ளூர் மக்கள் உடனே நம்பிவிடவில்லை. பூமலின் வனப்பகுதி கடலோரத்திலிருந்து அர்ஜென்டினா எல்லை வரை நீண்டதால், நாட்டை இரண்டாகப் பிளக்க வந்த அந்நியர் என்று அவரைச் சந்தேகித்தனர். மேய்ச்சல் தொழில் போய்விடும் என்று பண்ணையாளர்கள் அஞ்சினர். பிழைப்பு சம்பந்தப்பட்ட அந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

2015 டிசம்பர் 8 அன்று, சிலியின் ஹெனரல் கரேரா ஏரியில் படகு கவிழ்ந்து, உடல் குளிர்ந்து டக்ளஸ் இறந்தார். அவருக்கு வயது 72. செல்வத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே அவர் எழுதி வைத்திருந்ததால், தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு மகள் நீதிமன்றம் சென்றார். பொது நன்மைக்குக் கொடுப்பதற்கும் பிள்ளைகளின் உரிமைக்கும் நடுவே எழும் இந்தக் கேள்வி எல்லாச் சமூகங்களிலும் உண்டு.

கணவரை இழந்த பின்னும் கிறிஸ்டின் பணியை நிறுத்தவில்லை. 2018 ஜனவரியில் அன்றைய சிலி அதிபர் மிச்செல் பாச்செலெட்டுடன் ஒப்பந்தத்தை நிறைவு செய்தார். தம்பதியின் அமைப்பு கொடுத்தது சுமார் 10 லட்சம் ஏக்கர். அரசு தன் நிலத்தையும் சேர்க்க, மொத்தம் சுமார் 1 கோடி ஏக்கர் தேசியப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்டது.

அவர்கள் சம்பாதித்த பணத்தைவிட, அதை என்ன செய்தார்கள் என்பதே இன்று பேசப்படுகிறது.