அதர் ஃபெஸ்டிவல்

சென்னையில் 1998இல் தொடங்கிய சமகாலக் கலைவிழா. நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் ரன்வீர் ஷாவும் இணைந்து நிறுவினர். மார்கழி சபாக் கச்சேரிகள் சூடுபிடிக்குமுன், டிசம்பர்த் தொடக்கத்தில் நடத்தப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழைய நாடக அரங்கு அதன் முக்கிய மேடை. சபாக்களில் எளிதில் இடம் கிடைக்காத நவீன நடனம், நாடகம், பரிசோதனை இசை ஆகியவற்றுக்கு இது இடமளித்தது; உள்ளூர்க் கலைஞர்களோடு வெளிநாட்டினரும் ஆடினர். 'மற்றது' என்று பொருள்படும் பெயரே சபாக்களை நோக்கிய மெல்லிய சீண்டல்தான். ஒப்பீட்டுக்குச் சொன்னால், ஆப்பிரிக்காவில் 1995இல் லுவாண்டாவில் தொடங்கிய சமகால நடனச் சந்திப்பு பின்னர் அன்டனனரிவோ, பமாக்கோ, ஜோகன்னஸ்பர்க் என நகருக்கு நகர் இடம்பெயர்ந்தது. சென்னை விழா அவ்வாறு பயணிக்கவில்லை.