மென்பொருள் நம்பகத்தன்மை

ஒரு மென்பொருள் குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்குப் பழுதின்றி இயங்குவதற்கான நிகழ்தகவே அதன் நம்பகத்தன்மை. இந்த வரையறையில் ‘நிகழ்தகவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுபவர்கள் ‘சூழல்’ என்ற சொல்லை எளிதில் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடை பில் மிஷினைப் பார்த்தால் அந்த மறதியின் விலை தெரியும். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு கைரேகைச் சரிபார்ப்பும் சேர்ந்தது. சென்னைக் கடைக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகவேண்டிய கொல்லிமலையின் வாசலூர்பட்டி போன்ற ஊர்களுக்கும் நடைமுறை ஒன்றுதான். ஆனால் மண்ணோடும் மரவள்ளியோடும் உழைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மலைமடிப்பில் சிக்னல் விட்டுவிட்டு வரும். விரலைத் துடைத்து, மறுபடி வைத்து, அடுத்த விரலை வைத்துப் பார்த்தும் ரேகை விழவில்லை என்றால், அந்தக் கணத்தில் அங்கே அந்த மென்பொருளின் நம்பகத்தன்மை பூஜ்யம்.

வழக்கமான அளவுகோல்கள் பழுதுகளுக்கு இடையே கழியும் சராசரி நேரமும், பழுதைச் சரிசெய்யப் பிடிக்கும் சராசரி நேரமும்தான். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது, கணினி பயன்பாட்டுக்குக் கிடைத்திருக்கும் நேரத்தின் விகிதம். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேர முடக்கம். நள்ளிரவில் நேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அரிசி போடும் நாளில் கடை திறந்திருக்கும்போது நேர்ந்தால் வரிசையே கலைந்து திரும்பும். சதவீதம் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. அதனால் மணிக்கணக்கோடு, வந்தவர்களில் எத்தனை பேர் பொருளோடு போனார்கள் என்றும் எண்ணவேண்டும். நூற்றுக்கு ஒருமுறை தவறும் மிஷின், 500 கார்டுள்ள கடையில் மாதந்தோறும் ஐந்து குடும்பத்தைத் திருப்பி அனுப்பும்.

சிக்னல் இல்லாததும் ரேகை தேய்ந்ததும் மென்பொருளின் குற்றமா என்று கேட்கலாம். நிரலில் பிழை இல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் பழுதைத் தாங்கும் திறனையும் மீளும் திறனையும் ஐஎஸ்ஓ 25010 தரநிலை நம்பகத்தன்மையின் கூறுகளாகவே வைத்திருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் விற்பனையைப் பதிந்துவைத்துப் பின்னர் அனுப்புவதும், ரேகை விழாதவருக்கு வேறு வழி திறப்பதும் வடிவமைப்பாளரின் வேலை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தவறி 28 அமெரிக்க வீரர்கள் இறந்ததும் சூழல் மாறியதால்தான்: சில மணி நேர இயக்கத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத காலக்கணக்குப் பிழை, தொடர்ந்து நூறு மணி நேரம் ஓடியதில் ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. ஆகவே ரேஷன் மிஷினுக்கான சோதனையைத் தலைநகர அலுவலகத்தின் வேகமான இணைப்பில் முடித்துவிட முடியாது. தேய்ந்த விரல்களோடும் விட்டுவிட்டு வரும் சிக்னலோடும், வாசலூர்பட்டி போன்ற ஊர்களிலும் அது நடக்கவேண்டும்.