காவலுக்குக் காவல் இருக்கும் செல்கள்

பொழிச்சலூரிலிருந்து பம்மல், பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தினரும், டாக்டர் வி. மோகனின் சர்க்கரை நோய் ஆய்வுக் குழுவும், சேத்துப்பட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2010-ல் வினோதமான ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் யானைக்கால் புழுவின் தொற்று மற்றவர்களை விடக் குறைவாக இருந்ததாம்! புழுவுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

முதல் வகை சர்க்கரை நோய் இனிப்பு சாப்பிடுவதால் வருவதல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய டி செல்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே தாக்கி அழிப்பதால் வருவது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதற்குத் தன்னெதிர்ப்பு நோய் என்று பெயர்.

அப்படியானால் வேலியை யார் கண்காணிப்பது? அந்த வேலையைச் செய்பவற்றில் ஒன்று இயற்கைக் கொல்லி டி செல், சுருக்கமாக என்.கே.டி. மற்ற டி செல்கள் புரதத் துணுக்குகளை அடையாளம் காணும். இவை கொழுப்புப் பொருட்களை அடையாளம் காணும். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் தூண்டிய சில மணி நேரத்திலேயே சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டி, மற்ற செல்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும்.

1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இவற்றைத் தூண்டும் ஒரு பொருளை அறிவித்தார்கள். அதன் மூலம் ஒரு கடல் பஞ்சு! தானாகவே சர்க்கரை நோய் வரும் ஒரு வகை எலிகளில் என்.கே.டி. செல்கள் குறைவு. 1998-ல் ஆஸ்திரேலியாவில் அந்த எலிகளுக்கு இச்செல்களைச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. 2001-ல் கடல் பஞ்சு மருந்தும் அதே பலனைத் தந்தது.

புழு எங்கே வருகிறது என்கிறீர்களா? 2003-ல் கேம்பிரிட்ஜில் நத்தை மூலம் பரவும் ஒரு புழுவின் சாற்றை அதே எலிகளுக்குக் கொடுத்தார்கள். என்.கே.டி. செல்கள் பெருகின, சர்க்கரை நோய் வரவில்லை. சென்னை ஆய்வு யானைக்கால் புழுவைப் பற்றியது. அது காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்குமா? 1998-ல் இரட்டையரிடம் செய்த ஆய்வில், நோயுற்றவரிடம் இச்செல்கள் குறைவு என்றார்கள். 2002-ல் வேறொரு குழு அப்படி வித்தியாசமே இல்லை என்றது. போதாக்குறைக்கு, சில நோய்களில் இதே செல்கள் அழற்சியைக் கூட்டவும் செய்கின்றன. எனவே இன்னும் மருந்தாகவில்லை.

இதைப் படித்துவிட்டு யானைக்கால் நோய் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீங்கிய காலோடு வாழ்நாளைக் கழித்தவர்களைக் கேட்டால் தெரியும். புழு ஒழியத்தான் வேண்டும். ஆனால் உடம்பின் காவலர்களைச் சாந்தப்படுத்தும் அந்த வித்தையை மட்டும் அதனிடம் கற்றுக்கொண்டால், தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு என்றாவது ஒரு நாள் விடிவு பிறக்கலாம்.