ஞானஸ்நானம் பெறாமல் மரித்த பேரரசன்



392ஆம் ஆண்டு மே 15 அன்று, இன்றைய பிரான்ஸ் தேசத்திலுள்ள வியென் பட்டணத்தில், மேற்கு ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டீனியன் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டான். வயது 21. படைத்தலைவன் ஆர்போகாஸ்த் கொன்றானா, அவனே உயிரை மாய்த்துக்கொண்டானா என்பது இன்றும் தீராத வழக்கு. தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும்படி மிலான் நகரப் பேராயர் அம்புரோசுக்கு அவன் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தான். பேராயரும் புறப்பட்டுவிட்டார், வழியில் மரணச் செய்தியே அவரை எதிர்கொண்டது.

அக்காலத்தில் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைப்பது பெரிய இடத்து வழக்கம். கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றான். 374இல் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்ட நாளில் அம்புரோசே ஞானஸ்நானம் பெறாதவர்!

சடலம் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டது. சகோதரன் ஞானஸ்நானமின்றி மரித்தானே என்று உடன்பிறந்த சகோதரிகள் கலங்கினர். அடக்கப் பிரசங்கத்தில் அம்புரோஸ் அந்தக் கலக்கத்தைச் சுற்றிப்போகாமல் நேரடியாகவே தொட்டார். விரும்புவதையும் கேட்பதையும் தவிர மனிதன் கையில் வேறென்ன இருக்கிறது என்று வினவினார். அவன் கேட்டான், ஆகவே கிருபையைப் பெற்றான் என்றார். இரத்தசாட்சிகளைத் தங்கள் சொந்த இரத்தம் கழுவுமானால், இவனை இவனுடைய பக்தியும் வாஞ்சையும் கழுவின என்பது அவருடைய வாதம்.

ஆனால் இதே அம்புரோஸ், புதிதாய் ஞானஸ்நானம் பெற்றோருக்கு அளித்த போதனையில், சிலுவையை விசுவாசிக்கிறவனும் ஞானஸ்நானம் பெறாவிட்டால் பாவமன்னிப்பைப் பெறான் என்று கண்டிப்பாய்ச் சொன்னவர். முரண்பாடா? நான் அப்படி எண்ணவில்லை. ஒன்று, தண்ணீரண்டை வந்து நிற்போருக்குச் சொன்னது; மற்றொன்று, தண்ணீரை நாடிப் புறப்பட்டும் அதை அடையாதவனைக் குறித்துச் சொன்னது. மாற்கு 16:16ஐக் கவனியுங்கள். இரட்சிப்பைச் சொல்லும் பாதி விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே கூறுகிறது. ஆக்கினையைச் சொல்லும் பாதியோ விசுவாசியாமையை மட்டுமே கூறுகிறது.

சில ஆண்டுகளுக்குப் பின் அகஸ்டின், சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனை முன்னிறுத்தி ஏறக்குறைய இதையே எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு, அம்புரோசின் இப்பிரசங்கத்தையே ஆதாரமாகக் காட்டினார். 1547இல் திரெந்து சங்கமும் ஞானஸ்நானத்தோடு அதன்மேலுள்ள வாஞ்சையையும் சேர்த்துக் குறிப்பிட்டது.

‘பிறகு பார்க்கலாம், ஐயா’ என்று ஆண்டுதோறும் தள்ளிவைப்போர் வாலன்டீனியனைத் துணைக்கு அழைக்க இயலாது. அவன் ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவன். ஆயத்த வகுப்பில் இருக்கும்போதே மரித்தவர்களின் அடக்க ஆராதனையில் நான் லூக்கா 23ஐ வாசிக்கிறேன். பிற விசுவாசிகளுக்கு வாசிப்பது போலவே, எதையும் குறைக்காமல்.