அடைமுட்டையும் கணக்கு நோட்டும்

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கோழி வளர்த்தார். அடை வைக்கும் நாளில் முட்டைகளைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். எல்லாக் கோழியின் முட்டையும் அடைக்குப் போகாது. அதிக முட்டையிட்ட செவலையின் முட்டை போகும். போன முறை குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்த கோழியின் முட்டை போகும். வெள்ளைக் குஞ்சு பருந்தின் கண்ணில் முதலில் படும் என்று வெள்ளைச் சேவலை விற்றுவிடுவார். கருப்பராயன் கோயிலுக்கு நேர்ந்துவிட்டவர்கள் கறுப்புச் சேவலைத் தேடி வருவார்கள், விலையும் கூடக் கிடைக்கும். அதற்காகவே கறுப்பு வம்சம் ஒன்றை அற்றுப்போகாமல் வைத்திருந்தார். “குஞ்சுல மறஞ்ச நெறம் பேரக்குஞ்சுல வரும் கண்ணு” என்பார்.

முட்டைக் காசு அவருடைய சிறுவாடு. என் பள்ளிக்கூடச் செலவில் பாதி அதிலிருந்துதான் வந்தது. ஆனாலும் வீட்டில் யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை. கோழி தானாக மேய்கிறது, தானாக முட்டையிடுகிறது என்பதே எல்லோர் நினைப்பும்.

கல்லூரியில் மரபியல் படித்தபோது எங்கள் பாடநூலில் பேட்சனும் பன்னட்டும் இருந்தார்கள். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. எடித் ரெபெக்கா சாண்டர்ஸ் என்ற பெயரைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர் சாண்டர்ஸ். பெண்களுக்கென்று 1884இல் தனியாகத் தொடங்கப்பட்ட பால்ஃபர் ஆய்வகத்தை 1899 முதல் 1914 வரை தலைமையேற்று நடத்தினார். மெண்டலின் விதிகளைச் சோதித்து, பேட்சனும் அவரும் 1902இல் ராயல் சொசைட்டிக்கு ஓர் அறிக்கை அளித்தார்கள். சாண்டர்ஸின் செடிகளோடு பேட்சனின் கோழிகளும் அதில் இடம்பெற்றன. விலங்குகளுக்கும் மெண்டலின் விதி பொருந்தும் என்று காட்டிய முதல் சோதனைகளில் அந்தக் கோழிகளுக்கு இடமுண்டு. வெள்ளை லெகார்னை நிறக்கோழியோடு சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கும். அக்குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மறைந்த நிறம் திரும்பும். அமுச்சி சொன்னதும் இதைத்தான். அவர் எண்ணி எழுதி வைக்கவில்லை; அவர்கள் எண்ணி எழுதினார்கள்.

அந்தக் கோழிகள் வளர்ந்ததும் வீட்டில்தான். கிராண்ட்செஸ்டரில் இருந்த பேட்சன் வீட்டுத் தோட்டத்தில், அவருடைய மனைவி பீட்ரிஸும் அந்த வேலையில் கைகொடுத்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல். சாண்டர்ஸ் 1945இலேயே இறந்துவிட்டார்.

எழுதத் தெரியாததால்தான் அமுச்சியின் அறிவு கணக்கில் வரவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். சாண்டர்ஸுக்கு எழுதத் தெரியும். அச்சிட்ட அறிக்கையில் பெயரும் இருந்தது. அப்படியும் என் பாடநூல் வரை அவர் வந்து சேரவில்லை.

இன்று நாமக்கல் பண்ணைகளில் நிற்பவை லெகார்ன் வழிவந்த வெள்ளைக் கோழிகள். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், அடைக்கு உட்காராது. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு நிறுத்தும். 21 நாள் அடைகாக்கும். பிறகு குஞ்சுகளோடு திரியும். அந்த நாட்களையெல்லாம் முட்டைக் கணக்கு நஷ்டம் என்று எழுதும். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் அடுத்த தலைமுறைக் கோழிகள் உருவானது அந்த நாட்களில்தான். இரண்டுமே தேர்வுதான். ஒன்றுக்கு மட்டும் விஞ்ஞானம், தொழில் என்ற பெயர்கள் கிடைத்தன.

அம்மா இப்போது ஆறு கோழி வளர்க்கிறார். போன மாதம் அடை வைக்கும்போது ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தக் கோழியின் முட்டை, ஏன் அது, எந்தச் சேவல் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று சிரித்தார். நோட்டின் முதல் பக்கத்தில் அமுச்சியின் பெயரை எழுதியபோது, சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுத்து சரியாக இருக்கிறதா என்று வாங்கிப் பார்த்தார்.