மலைச்சரிவும் காலநிலை இலக்குகளும்: ஒரு வரலாற்று நோக்கு

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கென உலக நாடுகள் இன்று இலக்குகளை வகுத்து வருகின்றன. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் தன் பச்சைவீட்டு வாயுக்களை எவ்வாறு, எவ்வளவு குறைக்கும் என்பதைத் தானே அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. இலங்கை 2021ஆம் ஆண்டில் திருத்தி அளித்த ஆவணம் மின்சாரம், போக்குவரத்து, கைத்தொழில், கழிவு, வனம், விவசாயம் எனத் துறைவாரியாக இலக்குகளை வகுத்தது. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறப்படும். புதிதாக நிலக்கரி மின் உற்பத்தி சேர்க்கப்படமாட்டாது. நாட்டின் காட்டுப் பரப்பு 32 சதவீதமாக உயர்த்தப்படும். 2050ஆம் ஆண்டில் கரிம நடுநிலை எய்தப்படும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இவ்வெண்கள் வரவேற்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயின், எண்களுக்கும் வரலாறு உண்டு. இந்நாட்டின் நிலத்தையும் காட்டையும் குறித்து ஆட்சியாளர் இலக்கு வகுப்பது இதுவே முதன்முறையன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அவர்கள் ஏக்கர்க் கணக்கிலும் அடிக் கணக்கிலும் இலக்குகளை வகுத்தே வந்துள்ளனர். அவற்றை வகுத்தோர் யாவர்? அவற்றின் பயனைத் துய்த்தோர் யாவர்? சுமையைத் தாங்கியோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண மலைநாட்டு வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை. நிலப் பயன்பாடு, எரிசக்தி, கைத்தொழில் ஆகிய மூன்றும் அங்கே ஒரே மலைச்சரிவில் பிணைந்து கிடக்கின்றன.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருத்தமாகும். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. கண்டி நாட்டுக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த காட்டுக்கும், மாடு மேய்த்த புல்வெளிக்கும் அவனிடம் எழுத்து மூலமான உறுதி இருக்கவில்லை. வழக்கமே அவனுடைய உறுதி. அந்த வழக்கத்தை ஒரு கட்டளைச் சட்டத்தால் செல்லாததாக்கிய அரசு, அந்நிலத்தை ஏக்கர் 5 ஷிலிங் விலைக்கு விற்கத் தொடங்கியது. 1844ஆம் ஆண்டில்தான் அவ்விலை 20 ஷிலிங்காக உயர்ந்தது. அதற்கிடையில் காணி வாங்கியோருள் அப்போதைய தேசாதிபதி ஸ்ருவேட் மக்கென்சியும், உயர் அதிகாரிகள் பலரும் அடங்குவர். சட்டம் இயற்றியவர்களே அச்சட்டத்தால் பயனடைந்தோராகவும் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோப்பிப் பயிர் மலைகளை மூடிற்று. சரிவின் மரங்களை வெட்டி வீழ்த்தி, உலர்ந்தபின் தீயிட்டு, சாம்பல் படிந்த மண்ணில் கன்று நடுவதே அக்காலப் பெருந்தோட்ட முறை. இன்று விஞ்ஞானிகள் காட்டின் கரிமச் சேமிப்பு என்று கணக்கிடுவது அன்று புகையாகப் போயிற்று. 1870களின் இறுதியில் கோப்பிப் பயிர்ப் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியிருந்தது. அக்காட்டை வெட்டிய கைகளும், பழம் பறித்த கைகளும் தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு வந்தோருடையவை. மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எண்ணிறந்தோர் கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். மலைநாட்டின் காடழிப்பு வரலாற்றை அம்மக்களின் உயிரழிவு வரலாற்றினின்றும் பிரித்தெழுதுதல் இயலாது.

இயற்கை இதற்கு விடையிறுக்காமல் இருக்கவில்லை. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துரு நிறமான நோயொன்று காணப்பட்டது. அதனை ஆராய 1880ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் பரவுவதையும், இடையீடின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே அப்பரவலுக்கு வழிசெய்ததையும் எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1880களில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. துரைமார் கற்ற பாடம் யாது? ஒற்றைப் பயிரைக் கைவிடுவதன்று. வேறோர் ஒற்றைப் பயிரைத் தேடிக்கொள்வதே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்து பரவியது. கோப்பிக்குப் பருவகாலக் கூலிகள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தேவை. லயன் அறைகள் நிலையான குடியிருப்புகளானமை இதன் விளைவேயாகும்.

இக்காலத்திலேதான் காட்டைக் காக்கும் இலக்கொன்றும் முதன்முதலாக வகுக்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. காடு அழிந்தால் மழை குறையும், ஆறுகள் வற்றும் என்ற அச்சம் அக்காலத் தாவரவியலாளரிடையே நிலவியது. 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹுக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்க வேண்டும் எனக் குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு ஆலோசனை கூறினார், அது ஏற்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள மேல்மலைக் காடுகள் சிலவற்றுக்கு நாம் அந்த எல்லைக்கோட்டுக்கே கடப்பாடுடையோம். அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும் 5,000 அடி என்னும் எண் எங்கே இடப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். கோப்பிக்கு உகந்த உயரம் அதற்குக் கீழே இருந்தது. அங்கிருந்த காடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே அழிந்திருந்தன. முதலாளியின் இலாபத்துக்கு இடையூறு செய்யாத உயரத்திலேயே இயற்கையின் எல்லை குறிக்கப்பட்டது.

அதற்குப் பின்வந்த 1885ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டமும் எவரைக் கட்டுப்படுத்தின என்பதும் ஆராயற்பாலது. காடழிப்புக்கான பழி சேனைப் பயிர் செய்யும் ஏழையின் தலையில் சுமத்தப்பட்டது. சேனைக்கு நெருப்பிட்டவன் குற்றவாளியானான். மலைத்தொடர்களையே எரித்தவன் நாட்டை முன்னேற்றிய முன்னோடியானான். முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாவது பற்றி நம் பழைய இலக்கியம் பேசும். மலைநாட்டில் குறிஞ்சியின் இயல்பைத் திரித்தது ஞாயிறன்று, சந்தை.

சுதந்திரத்தின் பின்னர் இந்நிலை அடிப்படையில் மாறிற்றா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலை மண்ணைக் காக்கச் சட்டம் செய்த அதே பாராளுமன்றம், அம்மண்ணில் உழைத்த மனிதருக்கு அதில் ஓர் அடியேனும் உரிமை இல்லையென்று முன்னரே தீர்த்து வைத்திருந்தது. 1970களின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின, தொழிலாளர் உடைமையாளராகவில்லை. 1990களில் அவை மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. 1956ஆம் ஆண்டில் நாட்டின் ஏறத்தாழ 44 சதவீதமாக இருந்த காடு, 2010ஆம் ஆண்டளவில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாயிற்று. பெருந்தோட்டம் மட்டுமே இதற்குக் காரணமன்று. தாழ்நிலக் குடியேற்றத் திட்டங்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு.

இனி எரிசக்தியை நோக்குவோம். 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய கனவு நனவாக 1950ஆம் ஆண்டின் லக்சபான மின்நிலையம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இறக்குமதி எரிபொருளில் தங்கியிராத நாடு என்னும் இலட்சியம் அவருடையது. அவ்வகையில் அவரை நம் காலத்தின் முன்னோடி எனலாம். நீர்மின்சாரம் நாட்டுக்கு நெடுங்காலம் ஒளி தந்தது. அவ்வொளிக்கு விலையும் இருந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. மகாவலித் திட்டத்தில் தெல்தெனிய மூழ்கியது. நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்விளக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. மலையடியில் உற்பத்தியான மின்சாரம் கொழும்பை ஒளிர்வித்தபோது, மலையில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மின்தேவை பெருகி, மழையும் பொய்த்தபோது, 1996ஆம் ஆண்டில் நீண்ட மின்வெட்டுகள் ஏற்பட்டன. அதன்பின் எண்ணெயும், 2011ஆம் ஆண்டு முதல் நுரைச்சோலை நிலக்கரியும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 900 மெகாவாற்று வலுவுள்ள அந்நிலையம் குடியேற்றவாதிகள் விட்டுச்சென்றதன்று. சுதந்திர நாட்டின் ஆட்சியாளர் கடன் வாங்கி அமைத்தது. குடியேற்ற ஆட்சியின் குற்றங்களைச் சொல்லி நம்மவர் குற்றங்களை மறைக்கும் போக்கு முற்போக்காளருக்கு ஒவ்வாது.

கைத்தொழிலும் இதனின்றும் வேறுபட்டதன்று. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓயாத வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதி விறகினின்றே வருகிறது. அதற்கெனத் தோட்டங்களில் யூக்கலிப்டஸ் போன்ற அயல்மரங்கள் நடப்படுகின்றன. அவற்றைக் காடெனக் கணக்கிடுவதா, எரிபொருளெனக் கணக்கிடுவதா? காட்டுப் பரப்பை உயர்த்தும் இலக்கு, யூக்கலிப்டஸ் தோப்பையும் இயற்கைக் காட்டையும் ஒன்றாக எண்ணுமாயின், எண் உயரும், ஊற்று ஊறாது. துறைவாரியாக இலக்கு வகுப்போர் மலைச்சரிவை முழுமையாகக் காணாவிடில் நேரும் தவறு இதுவே.

இலக்கு எவ்வாறு வகுக்கப்படலாகாது என்பதற்கு 2021ஆம் ஆண்டின் அனுபவமே போதுமான பாடமாகும். 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில், பத்தாண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகவே கூறப்பட்டிருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. வெளிநாட்டுச் செலாவணி வற்றியதும் அவசரத்துக்கு ஒரு காரணம். உலக மேடையில் அதற்குச் சூழற் கொள்கையின் ஆடை அணிவிக்கப்பட்டது. நவம்பரில் தடையை நீக்க நேர்ந்தது. அதற்குள் நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது. கொழுந்து குறைந்தபோது கூடை நிறையாத பெண்ணின் கூலியே முதலிற் குறைந்தது. விவசாயியிடம் கேளாமல் விவசாயத்துக்கு இலக்கு வகுத்ததன் பயன் இது. நல்லதோர் இலட்சியத்தின் பெயரே கிராமங்களில் வசைச்சொல்லாக மாறியது அதனினும் பெரிய இழப்பு.

மன்னாரின் அனுபவமும் இதற்குத் தொலைவிலுள்ளதன்று. காற்றாலை மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும் முதற் காற்றாலைகளால் மழைநீர் வடிந்தோடும் வழிகள் தடைப்பட்டன எனவும், கடற்றொழில் பாதிக்கப்பட்டது எனவும் கூறி, 2025ஆம் ஆண்டில் அத்தீவு மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் எனக் கூறுவோர், சேனைக்காரனைக் காட்டின் பகைவன் எனக் கூறிய பழைய அதிகாரியின் குரலிலேயே பேசுகின்றனர்.

இவற்றையெல்லாம் கூறுவதால், காலநிலை இலக்குகள் யாவும் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியீட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிலும் குறைவு என்பது உண்மை. இலண்டனின் செல்வம் நம் மலைகளின் சாம்பலிலும் வளர்ந்தது என்பதும் உண்மை. 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆயின் வேறுபட்டது என ஏற்றுக்கொண்டமைக்கு இத்தகைய வரலாறே அடிப்படை. அந்த நியாயத்தை உலக அரங்கில் நாம் வலியுறுத்தவே வேண்டும். ஆயின் அதே நியாயம் நாட்டினுள்ளும் செல்லுபடியாக வேண்டும். கொழும்பின் குளிரூட்டிய மாளிகைக்கும் லயன் அறைக்கும் பொறுப்புப் பொதுவானது எனினும், சமமானதன்று.

மேலும், காலநிலையின் சீற்றம் முதலில் தாக்குவது உழைப்போரையே. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து செல்வதற்கு அம்மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் சட்டம், 1948ஆம் ஆண்டின் சட்டம், ஐப்பசி மாதத்து அடைமழை ஆகிய மூன்றும் அன்று காலை ஓரிடத்தில் சந்தித்தன. இதனை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

ஆகவே, துறைவாரியான இலக்குகளோடு வேறு சில இலக்குகளையும் நாம் கோர வேண்டும். ஆபத்தான சரிவுகளிலிருந்து எத்தனை குடும்பங்கள், எந்த ஆண்டுக்குள், உறுதியுடன் கூடிய காணிக்குக் குடியமர்த்தப்படும்? கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளில் எத்தனை ஏக்கரில் நாட்டு மரங்கள் நடப்படும்? அவ்வேலைக்கு உரிய கூலி அங்குள்ள தொழிலாளருக்குக் கிடைக்குமா? இரசாயன உரத்தைக் குறைப்பதாயின், எத்தனை ஆண்டுகளில், எவ்வகை உதவியுடன், எந்த விவசாயச் சங்கங்களைக் கலந்து அது செய்யப்படும்? காற்றாலை எழும் கரையோர மக்களுக்கு அம்மின்சாரத்தின் வருவாயில் பங்குண்டா? இவ்வினாக்களுக்கு எண்ணில் விடை கூறாத எந்தத் திட்டமும் முழுமையான காலநிலைத் திட்டமாகாது.

பாடசாலைகளில் நாம் கோப்பியையும் தேயிலையையும் ஏற்றுமதிப் பொருளாதாரம் என்ற அத்தியாயத்திலும், காட்டைப் புவியியலிலும், குடியுரிமையை அரசியலிலும், காலநிலையை விஞ்ஞானத்திலும் தனித்தனியே கற்பிக்கிறோம். தனித்தனியே கற்ற மாணவன் தனித்தனி இலக்குகளையே வகுக்கும் அதிகாரியாக வளர்வதில் வியப்பில்லை. மலைச்சரிவின் வரலாற்றை ஒன்றாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. அதனை ஒன்றாகக் கற்ற தலைமுறைதான், இலக்கு வகுக்கும் மேசையில் கொழுந்து பறிப்பவளுக்கும் வலை வீசுபவனுக்கும் ஓர் ஆசனம் வேண்டுமென்று உரத்துக் கேட்கும்.