பழங்காலக் கைக்கடிகாரத்தின் தயாரிப்பாளரை இனங்காணல்

பழங்காலக் கைக்கடிகாரத்தின் தயாரிப்பாளரை இனங்காணல் என்பது, ஏறத்தாழ 1900 முதல் 1930 வரையான காலப்பகுதியைச் சேர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை உருவாக்கியவர் யார் என்பதை, அதன் உறுப்புகளில் உள்ள குறிகளைக் கொண்டு அறியும் முயற்சியாகும். இக்காலத்துக் கடிகாரங்கள் பலவற்றின் முகப்பில் எப்பெயரும் இராது. ஒரே தோற்றமுடைய இரு கடிகாரங்களின் விலை பெயரைப் பொறுத்தே பெரிதும் வேறுபடுவதால், சான்றின்றிப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சூட்டி விற்பதும் பிற்காலத்தில் முகப்பில் பெயரை எழுதிச் சேர்ப்பதும் வழக்கில் உள்ளன.

தயாரிப்பாளர் என்பவர் யார்?

இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடை கிடையாது. அக்காலச் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் பலரிடையே பிரிந்து கிடந்தது. ஒரு தொழிற்சாலை முற்றுப்பெறாத இயங்குபொறியைச் செய்தது; இது பிரெஞ்சு மொழியில் எபோஷ் எனப்பட்டது. கூடு, முகப்பு, முட்கள், சுருள்வில் ஆகியவற்றை வெவ்வேறு பட்டறைகள் செய்தன. இவற்றை வாங்கிப் பொருத்தி முடித்தவர் வேறொருவர். அதனை இறக்குமதி செய்தவரும் கடையில் விற்றவரும் வேறு வேறு ஆட்கள். ஆகவே ஒரு குறியைக் கண்டவுடன், அது இவர்களுள் யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும்.

முகப்பு

முகப்பில் உள்ள பெயர் பல வேளைகளில் விற்பனையாளருடையது. குறிப்பாகப் பிரித்தானியக் கடைக்காரர்கள் தம் பெயரையே வாடிக்கையாளர் காணவேண்டும் என விரும்பினர். தயாரிப்பாளரின் பெயர் முகப்பில் இடம்பெறுவதை 1920-கள் வரை பலர் ஏற்கவில்லை. எனவே வெற்று முகப்பு தரக்குறைவின் அடையாளம் அன்று.

கூடு

கூட்டின் உட்புற முத்திரைகள் பெரும்பாலும் உலோகத்தின் தரத்தையும் கூட்டுக்குப் பொறுப்பானவரையும் மட்டுமே சொல்கின்றன. 1880-ஆம் ஆண்டுச் சுவிசுச் சட்டத்தின்படி, நிற்கும் கரடி உருவம் 0.875 தர வெள்ளியையும், காட்டுக்கோழி உருவம் 0.800 தர வெள்ளியையும், எல்வேசியா என்னும் பெண்ணின் தலை 18 காரட் பொன்னையும் குறித்தன.

1907 சூன் 1 முதல் பிரித்தானியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பொன், வெள்ளிக் கூடுகள் அந்நாட்டிலேயே சோதித்து முத்திரையிடப்பட்டன. இம்முத்திரைகளுள் ஒன்று ஆண்டைக் குறிக்கும் எழுத்தாகும். எடுத்துக்காட்டாக, இலண்டன் நிலையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'யூ' 1915-16-ஐக் குறிக்கும். ஆனால் உடனிருக்கும் பெயர் எழுத்துகள் இறக்குமதியாளருடையவை. மிகப் பரவலாகக் காணப்படும் 'ஜி.எஸ்.' என்பது ஜார்ஜ் இசுட்டாக்வெல் என்னும் சரக்கு முகவரைக் குறிக்கிறது. அவர் ஒரு கடிகாரத்தையும் செய்தவர் அல்லர்.

'எஃப்.பி.' என்னும் எழுத்துகள் சாவி உருவத்துடன் காணப்பட்டால், கூட்டைச் செய்தவர் செனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா போர்கெல் ஆவார். இவர் 1891-இல் காப்புரிமை பெற்ற கூட்டில் பின்மூடி திறக்காது. இயங்குபொறி முன்பக்கமாகத் திருகிக் கழற்றப்படும். இதை அறியாதோர் பின்பக்கத்தைக் கத்தியால் நெம்பிக் கெடுத்த கூடுகள் ஏராளம். இலாஞ்சீன் முதலிய பல நிறுவனங்கள் இக்கூட்டைப் பயன்படுத்தியமையால், போர்கெல் கூடு மட்டும் இயங்குபொறியின் பிறப்பிடத்தைக் காட்டாது.

இயங்குபொறி

உறுதியான சான்று பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். வணிகக்குறி மேற்தட்டில் இல்லையெனில், ஊசலாடும் சமநிலைச் சக்கரத்தின் அடியிலோ முகப்பின் பின்னுள்ள அடித்தட்டிலோ இருக்கலாம். குறியே இல்லாவிடினும், நேரம் திருத்தும் பகுதியிலுள்ள நெம்புகோல், வில் ஆகியவற்றின் வடிவம் ஏறக்குறைய கைரேகை போலப் பயன்படுகிறது. இவ்வடிவத்தையும் பொறியின் விட்டத்தையும் பழைய உதிரிப்பாகப் பட்டியல்களிலுள்ள படங்களுடன் ஒப்பிடுவர். விட்டம் 'லீன்' என்னும் அலகில் கூறப்படும். ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மில்லிமீட்டர். 13 லீன் பொறி 29.3 மில்லிமீட்டர் அளவினது.

அடித்தட்டைக் காண முகப்பைக் கழற்ற வேண்டும். எனாமல் முகப்பு எளிதில் விரிசலுறும் என்பதால் இதனைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நன்று. முதலாம் உலகப் போர்க்கால முகப்புகளின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும். அது இன்று ஒளிராவிடினும், ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகையால் கதிரியக்கம் பெரிதும் குறையவில்லை. பூச்சைச் சுரண்டுவதும் அதன் தூளைச் சுவாசிப்பதும் தீங்கானவை.

பெயரென மயங்கும் சொற்கள்

'பிரவே' என்பது பிரெஞ்சு மொழியில் காப்புரிமை. 'இசுபிரால் பிரெகே' என்பது சுருள்வில்லின் வடிவத்தைக் குறிக்கும் தொடர். அதைக் கண்டு புகழ்பெற்ற பிரெகே நிறுவனத்தின் கடிகாரம் என்று மகிழ்ந்து ஏமாந்தோர் பலர். வேகத்தைத் திருத்தும் முள்ளருகே உள்ள 'ஏ', 'ஆர்' எழுத்துகள் விரைவு, தாமதம் என்பவற்றின் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளே. பின்மூடியின் உள்ளே கீறப்பட்ட எண்கள் பெரும்பாலும் பழுதுபார்த்தவர்கள் இட்டவை.

ரோலெக்சு

ஆன்சு வில்சுடோர்ஃப் 1905-இல் இலண்டனில் தொடங்கிய வில்சுடோர்ஃப் அண்டு டேவிசு நிறுவனம் ரோலெக்சு என்னும் பெயரை 1908-இல் பதிவு செய்தது. இதன் தொடக்ககாலக் கடிகாரங்கள் பலவற்றின் முகப்பில் அப்பெயர் கிடையாது; கூட்டில் 'டபிள்யூ அண்டு டி' என்னும் முத்திரை காணப்படும். இயங்குபொறியைப் பீல் நகரின் எக்லர் தொழிற்சாலை செய்தது. அத்தொழிற்சாலையின் 'ரெப்பெர்கு' குறியுள்ள பொறிகள் பிற நிறுவனங்களுக்கும் விற்கப்பட்டன. ஆகவே அக்குறி மட்டும் இருந்தால் எக்லர் எனலாம். ரோலெக்சு எனக் கூற, கூட்டின் முத்திரையும் பொருந்த வேண்டும். கூடும் பொறியும் ஒன்றாகவே பிறந்தவையா என்பதும் கவனிக்கத்தக்கது. பொன் கூடுகள் பல உருக்கப்பட்டுவிட்டதால், அனாதையான பொறிகள் வேறு கூடுகளில் குடியேறின.

ஆவணங்கள்

சில நிறுவனங்கள் தம் பழைய பதிவேடுகளைப் பேணுகின்றன. இலாஞ்சீன் நிறுவனத்தில் வரிசை எண்ணைத் தந்தால், அக்கடிகாரம் எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பல வேளைகளில் அறியலாம். இதற்கு இயங்குபொறியின் எண்ணைத் தர வேண்டும். வெளியார் செய்த கூட்டின் எண் அப்பதிவேட்டில் பயன்படாது. முற்றுப்பெறாத பொறிகளை வாங்கிப் பொருத்தி மறைந்துபோன சிறு பட்டறைகளுக்கு இத்தகைய ஏடுகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. அவற்றின் கடிகாரங்களுக்குப் பொறி செய்த ஆலையின் பெயரை மட்டும் குறித்து, தயாரிப்பாளர் அறியப்படவில்லை எனப் பதிவதே முறையாகும்.